இருபது டிகிரிக்குக் கீழே அசையலாகாது

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படி எதையும் சாதிக்காமல் பல்லாயிரம் ஆண்டுகளை வீணடித்துவிட்டு, கடைசியில் ஒரு நவம்பர் மாலை, பின்லாந்தின் வடகோடியிலுள்ள ஹல்லயோக்கி நகராட்சியின் பொதுச் சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பநிலையைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டுக்கும் கிடைத்த பெயரும் புகழும் மூன்றாவதற்கு இன்னும் கிடைக்கவில்லை. உலகம் நன்றி கெட்டது, வேறென்ன சொல்ல!

கண்டுபிடித்தவர் நகராட்சியின் தொழில்நுட்ப அதிகாரி அஸ்மோ பெல்த்தரி. ஐம்பதைத் தாண்டியவர், கட்டைப் பிரம்மச்சாரி, இன்ஜினியர். ஆள் நடமாட்டமே இல்லாத தெருவில், மூக்கு உறைந்து விழும் குளிரில், நடப்பவர்களுக்கான சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை ஓரமாக நின்றுவிட்டுத்தான் கடப்பார். இதை அவருடைய தனிப்பெருமையாகச் சொல்ல முடியாது. ஹல்லயோக்கியில் எல்லாருமே அப்படித்தான். அஸ்மோ கூடுதலாக, விளக்குக் கம்பத்தில் பனி மூடியிருந்தால் துடைத்துவிட்டும் போவார்.

சவுனாவில் கூட்டம் போடுவது அந்த நகராட்சியின் நெடுநாள் வழக்கம். முதல் முறை ஆண்கள், அடுத்த முறை பெண்கள். உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல், கொதிக்கும் கற்களைச் சுற்றி மரப்படிகளில் உட்கார்ந்து ஊர்க் காரியங்களை முடிவு செய்வார்கள். நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று கூவுகிறவர்கள் ஒருமுறை வந்து பார்த்தால் அப்புறம் கூவமாட்டார்கள்.

அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் நடமாடும் நூலகத்தின் ‘அகால மரணம்’. புத்தம் புதிய ஆட்டோமேட்டிக் பஸ் அது. ஒரு விடியற்காலை மைனஸ் முப்பத்து நான்கில், டிரைவர் ஏறிய ஜோரில் ஒரே மிதியாக மிதித்தார். கியர்பாக்ஸ் ஒரு முறை இருமியது, ஒரு முறை விக்கியது, பிறகு புத்தகங்களோடு சேர்ந்து அதுவும் மௌனமாகிவிட்டது.

“தப்பு டிரைவர் மேல இல்ல,” என்றார் அஸ்மோ, வியர்வையை வழித்துவிட்டு. “நாம இன்ஜினுக்கு மட்டும் ராத்திரி பூரா கரண்ட் கம்பத்துல பிளக் சொருகி ஹீட்டர்ல சூடு காட்டறோம். காலைல அது கதகதன்னு எந்திரிக்குது. பக்கத்துலயே இருக்கே கியர்பாக்ஸ், அதை யாராவது கவனிச்சோமா? மூத்த பிள்ளைக்குப் போர்வை போர்த்திட்டு இளையதை வாசல்ல படுக்க வெச்ச கதை.”

“அடப் பாவமே,” என்றார் தைஸ்தோ லம்பேலா. இவர் தீயணைப்பு நிலையத்தின் பொறுப்பாளர், அஸ்மோவுக்குப் பள்ளிக்கூடத் தோழர். கற்களின் மேல் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றினார். சுரீரென்று ஆவி எழுந்தது. “உள்ள இருக்கற ஆயில் என்ன ஆகும்?”

“தார் ஆயிடும்யா, தார்! அதைப் போயி மிதிச்சா?”

“எவ்வளவு சூடு இருந்தா அதுக்குச் சௌகரியமா இருக்கும்?”

அஸ்மோ யோசித்தார். “இருபது டிகிரி.”

“ஏன் இருபது?”

“முழுசா இருக்குல்ல.”

இதைவிடச் சிறந்த ஓர் அறிவியல் விளக்கத்தை அந்தச் சூட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பெண்கள் முறை. அஸ்மோ துண்டைக் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று தீர்மானத்தை உரக்கச் சொன்னார். உள்ளேயிருந்து நகர்மன்றத் தலைவி தெல்லெர்வோ சாஸ்கோவின் குரல் வந்தது.

“இதுக்குப் புதுசா ஏதாவது வாங்கணுமா?”

“வேண்டாம் தலைவரம்மா. மீட்டர் ஏற்கெனவே டேஷ்போர்டுலயே இருக்கு.”

“யாராவது எதுத்தாங்களா?”

“ஒருத்தரும் இல்ல.”

“அப்ப நிறைவேத்தியாச்சு. கதவைச் சாத்துங்க, குளிரு உள்ள வருது.”

இப்படியாகப் பிறந்தது அழியாப் புகழ் பெற்ற பதினான்காம் விதி: ‘வருகிற ஜனவரி முதல், கியர்பாக்ஸ் ஆயில் இருபது டிகிரியை எட்டாத எந்த நகராட்சி வண்டியும் தன் சக்தியால் அசையலாகாது.’ அதிகாரியே முன்மாதிரியாக நிற்க வேண்டாமா? தம் சொந்தக் காரையும் விதிக்குள் சேர்த்துக்கொள்வதாக அஸ்மோ உள்ளூர் வாரப் பத்திரிகையில் அறிவித்தார். காரின் மூக்கில் கை வைத்தபடி அவர் நிற்கும் படமும் வந்தது. காரும் அவரும் ஒரே மாதிரி விறைப்பாக இருந்தார்கள்.

அறிவித்த கையோடு தலைவி தெல்லெர்வோ, வருடா வருடம் போகிறபடி, வெயில் காயக் கேனரித் தீவுகளுக்குப் பறந்துவிட்டார். மார்ச் முடிந்துதான் வருவார். தலைவி இல்லாமல் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லாமல் திருத்தம் இல்லை. இது ஒன்பதாம் விதி.

ஜனவரி பிறந்தது, குளிரும் வந்து இறங்கியது. டிரைவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள், சாவியைத் திருப்பினார்கள், மீட்டரைப் பார்த்தார்கள். மைனஸ் முப்பத்தொன்று. நின்ற இடத்தில் இன்ஜினை நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது என்பது நாட்டுச் சட்டம். காற்று கெட்டுவிடும் அல்லவா! நான்கு நிமிடம் ஓடவிட்டார்கள். மைனஸ் இருபத்தொன்பது. அணைத்தார்கள். இறங்கிப் போய்க் காபி குடித்தார்கள். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார்கள். மைனஸ் முப்பத்தொன்று.

கியர்பாக்ஸ் ஆயில் ஒழுங்காகச் சூடாக வேண்டுமானால் வண்டி ஓட வேண்டும். முதல் பத்து நிமிடம் வெண்ணெய் மேல் கத்தி போகிற மாதிரி மெதுவாக, பதமாக ஓட்டினால் தானே சூடேறிவிடும். இது ஏதோ பரம ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவர்களுக்குத் தெரியும், தைஸ்தோவுக்குத் தெரியும், இன்ஜினியரான அஸ்மோவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் சவுனாவில் அது நிகழ்ச்சி நிரலில் இல்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாததைப் பேசி நான்கு பேர் முன்னால் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்வது ஹல்லயோக்கியில் அநாகரிகம்.

விதியின் நற்பலன்கள் உடனே தெரியத் தொடங்கின. பனி தள்ளும் வண்டி நின்றது, அரசாங்கம் தள்ளிவிடும் பெரிய சாலை தவிர மற்றத் தெருக்களில் பனி தன் இயற்கை எழிலோடு இடுப்பளவு விளங்கியது. குப்பை வண்டி நின்றது, குளிரில் குப்பை நாறவில்லை. பள்ளிக்கூட பஸ் நின்றது, கிட்டத்துப் பிள்ளைகள் காலில் சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றி, இருட்டில் ‘உடற்பயிற்சி’ செய்துகொண்டே வந்தார்கள். தூரத்துப் பிள்ளைகளும் எப்படியோ வந்தார்கள். எப்படி என்று அதிகாரி கேட்கவில்லை. வருகைப் பதிவு குறைவில்லாமல் இருந்தது, போதாதா?

எல்லாம் சிறப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அஸ்மோ மட்டும் தினமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவருக்குக் கல்யாணம்.

மணமகள் ஹில்க்கா வுவோன்தீஸ். முப்பது கிலோமீட்டர் தள்ளி, பெரானிவா என்ற ஊரில் சிற்றுண்டிக் கடையும் பேக்கரியும் நடத்துகிறவள். அஸ்மோ எத்தனையோ வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் காரை எடுத்துக்கொண்டு அங்கே போவார். சால்மன் மீன் சூப் ஒரு கிண்ணம், ஏலக்காய் பன் ஒன்று. “சூப் நல்லா இருக்கு” என்பார். ‘கிண்ணத்தைக் கழுவும் தொட்டியில் வைக்கவும்’ என்று சுவரில் ஒரு பலகை இருக்கும். அவர் வைப்பதோடு நிற்காமல் கழுவியும் வைப்பார். பிறகு போய்விடுவார். அவருக்குத் தெரிந்த காதல் அவ்வளவுதான். உள்ளுக்குள் அவர் அவளுக்காக உருகிக்கொண்டிருந்தார் என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஹில்க்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இங்க பாருங்க. இத்தனை வருஷமா சூப் நல்லாத்தான் இருக்கு. எனக்கும் வயசாவுது. வேற ஏதாவது சொல்றதா இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க.”

அஸ்மோ கிண்ணத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “பன்னும் நல்லா இருக்கு” என்றார்.

“சரி, நானே சொல்றேன். எங்க ஊர்த் தேவாலயத்துக்குப் பாதிரியாரம்மா மாசத்துல ஒரு தடவைதான் வர்றாங்க. ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, பன்னெண்டு மணி. நீ வந்து நின்னா கல்யாணம். வரலைன்னா அடுத்த சனிக்கிழமைலேர்ந்து சூப்பும் கிடையாது, நானும் கிடையாது. புரிஞ்சுதா?”

‘நீங்க’ என்றிருந்தவள் ‘நீ’ என்றதும் அஸ்மோவின் காது சிவந்துவிட்டது. அன்றைக்குக் கிண்ணத்தை இரண்டு முறை கழுவினார்.

ஜனவரியில் அவரால் ஒரு சனிக்கிழமைகூடப் பெரானிவாவுக்குப் போக முடியவில்லை. போனில்தான் பேச்சு.

“கார் கெட்டுப்போச்சா?” என்றாள் ஹில்க்கா.

“இல்ல, நல்லா இருக்கு. அதனாலதான் எடுக்க முடியல.”

“ஸ்கூல் பஸ்ஸும் அப்படித்தானா?”

“ஆமா. ஆனா பிள்ளைங்க ஒழுங்கா வந்துடறாங்க. பதிவைப் பாத்தேன்.”

“ஓ, பதிவைப் பாத்தியா,” என்றாள் அவள். “கல்யாணத்துக்கு எப்படி வருவே?”

“வழி பண்றேன்.”

போனை வைத்துவிட்டு அஸ்மோ கேனரித் தீவுகளுக்குப் பேசினார்.

“தலைவரம்மா, பதினாலாம் விதில ஒரு சின்னத் திருத்தம்…”

“இங்க என்ன வெயில் தெரியுமா பெல்த்தரி!” பின்னணியில் அலைச் சத்தம் கேட்டது. “இருபத்தெட்டு டிகிரி!”

“அது நம்ம விதிக்கு எட்டு டிகிரி மேல, தலைவரம்மா.”

“பாத்தீங்களா, முடியாதது ஒண்ணும் இல்ல! ஊர்ல ஏதாவது கியர்பாக்ஸ் கெட்டுச்சா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்புறம் எதுக்குத் திருத்தம்? நல்லா ஓடற விதியைக் கெடுக்கப் பாக்காதீங்க.” அலை ஒன்று வந்து பேச்சை அடித்துக்கொண்டு போய்விட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் மைனஸ் முப்பத்தேழு. நகராட்சி வாசலில், பிளக்கை மாட்டிக்கொண்டு அஸ்மோவின் கார் நின்றது. தைஸ்தோ சுற்றிச் சுற்றி வந்தார். அவரிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. கையால் கியர் போடுகிற வண்டி. அதில் ரேடியோவைத் தவிர மற்றதெல்லாம் வேலை செய்யும்.

“யோவ், பேசாம நாளைக்கு என் ஜீப்புல ஏறு. அரை மணி நேரத்துல இறக்கி விட்டுடறேன்.”

“உன் கியர் ஆயில் எத்தனை டிகிரி?”

“எனக்கென்ன தெரியும்? அதுல மீட்டரே இல்லியே.”

அஸ்மோ அவரை வருத்தத்தோடு பார்த்தார். “எத்தனை டிகிரின்னே தெரியாத வண்டில நான் ஏறிப் போனா ஊரு என்ன சொல்லும்? பேப்பர்ல படம் வேற வந்திருக்கு.”

“மாப்பிள்ளை வந்தாருன்னு சொல்லும்யா!”

அஸ்மோ அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் அவரும் இன்ஜினியர் அல்லவா, ஒரு யோசனை வைத்திருந்தார். தீயணைப்பு நிலையத்தின் கூடத்துக்கு வெப்ப வசதி உண்டு. காரை அதற்குள் விட்டால் விடிவதற்குள் ஆயில் வெதுவெதுப்பாகிவிடும். அங்கே எப்படிக் கொண்டுபோவது? தள்ளித்தான். ‘தன் சக்தியால்’ அசையக் கூடாது என்றுதானே விதி? அந்த இரண்டு சொல்லைப் போட்ட தம் முன்யோசனையை எண்ணி அவருக்கே மெய்சிலிர்த்தது.

வேலையில்லாமல் காபி குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லோரும் வந்தார்கள். பதினான்காம் விதி வந்த பிறகு அவர்கள் செய்த முதல் வேலை அதுதான், உற்சாகமாகவே செய்தார்கள். “ஏலேலோ” போடாத குறையாகத் தள்ளிக்கொண்டு போய்க் கூடத்துக்குள் விட்டார்கள். தள்ளிய சூட்டில் ஒருவர் கோட்டையே கழற்றிவிட்டார். ஊரில் அன்று கியர்பாக்ஸ் ஒன்றுதான் சில்லென்று இருந்தது.

சனிக்கிழமை காலை. அஸ்மோ கல்யாணக் கோட்டில், நெஞ்சில் ஒரு பூவோடு வந்து சாவியைத் திருப்பினார். கூடத்துக்குள் இன்ஜினை ஓடவிடக் கூடாது என்பது நிலையத்து விதி, அதனால் மீட்டரை மட்டும் பார்த்தார். அது பதினைந்தைக் காட்டியது. காத்திருந்தார். பதினைந்து. ஒரு காபி குடித்தார். பதினைந்து.

“ஏன்யா ஏற மாட்டேங்குது?”

தைஸ்தோ தலையைச் சொறிந்தார். “கூடம் பதினஞ்சுலதானே இருக்கு. அதுக்கு மேல வெக்கக் கூடாதுன்னு சிக்கனத் தீர்மானம். நீ போட்டதுதான்.”

அஸ்மோவின் முகம் வெளிறிப்போனது. போன வருடம் தாமே எழுதிய தீர்மானம் அது. எவ்வளவு அழகாக எழுதியிருந்தார்! மணி பத்தைத் தாண்டியிருந்தது. பெரானிவாவில் அவள் மாலையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருடம் நல்லா இருக்கிறது என்று சொன்ன சூப்பை இனி யாரிடம் போய்ச் சொல்வார்?

“தைஸ்தோ,” என்றார். “சவுனா.”

“இப்பக் குளிக்கப் போறியா?”

“நான் இல்ல. கார்.”

அன்று காலையே சூடேற்றியிருந்த சவுனாவிலிருந்து கொதிக்கும் கற்களை வாளி வாளியாக அள்ளிக்கொண்டு டிரைவர்கள் ஓடி வந்தார்கள். காருக்கு அடியில், கியர்பாக்ஸுக்கு நேர் கீழே பரப்பினார்கள். தைஸ்தோ குனிந்து, பழக்க தோஷத்தில், ஒரு கரண்டி தண்ணீரையும் ஊற்றினார். சுரீரென்று ஆவி கிளம்பிக் கார் மறைந்துபோனது. உலகத்திலேயே முதன்முதலாக ஒரு கார் சவுனா குளித்தது ஹல்லயோக்கியில்தான். இதையும் வரலாறு குறித்துக்கொள்ளவில்லை.

“பதினாறு!” என்று கத்தினார் அஸ்மோ உள்ளேயிருந்து. “பதினேழு!”

டிரைவர்கள் கைதட்டினார்கள். அடுத்த நடை கற்கள் வந்தன.

“பதினெட்டு! பத்தொம்போது!”

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“பத்தொம்போது…”

“என்ன?”

“பத்தொம்போதுதான்.”

“கல்லெல்லாம் ஆறிப்போச்சுய்யா,” என்றார் தைஸ்தோ. “அடுப்புல இனி ஒண்ணும் இல்ல, சாம்பல்தான். இதப் பாரு, பத்தொம்போதுக்கும் இருபதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அந்தக் கியர்பாக்ஸுக்கே தெரியாது. எடு வண்டியை!”

அஸ்மோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காலை எடுத்து மிதியில் வைத்தார். வைத்த கால் அழுத்தவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் இருபதுக்குக் காத்திருந்தார்.

அப்போதுதான் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

பேக்கரி வேன் ஒன்று கூடத்து வாசலில் வந்து நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து ஹில்க்கா குதித்தாள். கல்யாண உடுப்புக்கு மேலே ஆட்டுத்தோல் கோட்டு, காலில் கம்பளி பூட்ஸ், தலையில் மாலை, அதற்கு மேலே மயிர்த்தொப்பி. ஆவிக்கு நடுவில் நின்ற காரையும், அதற்கு அடியில் கிடந்த கற்களையும், சுற்றி வாளியோடு நின்றவர்களையும் பார்த்தாள்.

“என்ன இது, குழம்பு வெக்கறீங்களா?”

அஸ்மோ கண்ணாடியை இறக்கினார். “பத்தொம்போது,” என்றார் பரிதாபமாக.

“யோவ், இறங்குய்யா கீழ! பாதிரியாரம்மா அங்க உக்காந்து என் சூப்பைக் காலி பண்ணிட்டிருக்காங்க. நீ வர மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் நானே வந்தேன். வேன்ல ஏறு.”

அஸ்மோ இறங்கினார். வேனருகே போனவர் நின்றுவிட்டார். அதுவும் ஆட்டோமேட்டிக் வண்டி. கொஞ்சம் தயங்கி, கதவு வழியாகத் தலையை நீட்டி டேஷ்போர்டைப் பார்த்தார். பார்த்தவர் வாயைப் பிளந்தார்.

“அறுபத்தெட்டு!”

டிரைவர்கள் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“எப்படி? எதை வெச்சுச் சூடு பண்ணினே? கல்லா, ஹீட்டரா?”

“ஓட்டினேன்,” என்றாள் ஹில்க்கா.

கூடத்தில் அப்படியோர் அமைதி. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் வருகிற சங்கடமான அமைதி அது. ஒரு டிரைவர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அஸ்மோ ஏறி உட்கார்ந்தார். வேன் கிளம்பியது. சீட்டில் எதுவோ முதுகில் உறுத்த, கையை விட்டு எடுத்தார். சின்னஞ்சிறு சிவப்புக் கையுறை. திரும்பிப் பார்த்தார். ரொட்டித் தட்டுகள் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தன. மீதி இடத்தில் சீட்டுகள். கீழே ஒரு பென்சில் டப்பா.

“இது யாருது?”

“எங்கூர்ப் பிள்ளைங்கள்ல ஒண்ணோடது. ஆறு பேரு. தினமும் ரொட்டி போடத்தான் நான் உங்கூருக்கு வர்றேனே, அப்படியே ஏத்திட்டு வந்து ஸ்கூல்ல விட்டுடுவேன். சாயங்காலம் கூட்டிட்டுப் போவேன். நீ எட்டு மணிக்கு ஆபீஸ் வருவே. நான் ஏழரைக்கே போயிருப்பேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீ கேக்கவே இல்லியே. பதிவைத்தானே பாத்தே.”

அஸ்மோ அந்தக் கையுறையை வழி நெடுக உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். பெரானிவா கண்ணில் பட்டபோது மெல்லக் கேட்டார்: “இவ்வளவும் தெரிஞ்சும் என்னை எதுக்குக் கட்டிக்கறே?”

“சூப்பு குடிச்சவங்கள்ல கிண்ணத்தைக் கழுவி வெச்சது நீ ஒருத்தன்தான்,” என்றாள் ஹில்க்கா. “எழுதியிருக்கறதுக்கு மேலயும் உனக்குச் செய்யத் தெரியும். அதை வெளிய கொண்டு வரத்தான் ஆள் வேணும்.”

தேவாலயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். பின்னாலேயே ஜீப்பில் தைஸ்தோவும் டிரைவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆயில் எத்தனை டிகிரி என்று யாரும் கேட்கவில்லை. பாதிரியாரம்மா, “அஸ்மோ பெல்த்தரி, ஹில்க்காவை மனைவியாக ஏற்றுக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார். அஸ்மோ வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். மெழுகுவத்தி உருகிக்கொண்டிருந்தது.

ஹில்க்கா பாதிரியாரம்மா பக்கம் திரும்பினாள். “அவருக்கு நாலு நிமிஷம் குடுங்க. அதுக்கு மேல நின்ன இடத்துல ஓடக் கூடாது, சட்டம்.”

முதலில் சிரித்தது தைஸ்தோ. பிறகு டிரைவர்கள், பிறகு பாதிரியாரம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் அஸ்மோவுக்கு எங்கோ இளகிவிட்டது. “ஆமா,” என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, இன்னொரு முறை, “ஆமா!” என்றார். சூப்பைப் பற்றி அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலை ஏழரை மணிக்கு ஹல்லயோக்கிப் பள்ளி வாசலில் பேக்கரி வேன் வந்து நிற்கும். முதலில் அஸ்மோ இறங்கிக் கதவைத் திறந்துவிடுவார். வழியில் சறுக்குக் கட்டையோடு நடந்துவரும் பிள்ளைகளையும் இடமிருக்கும்வரை ஏற்றிக்கொள்வார்கள். மற்றபடி பதினான்காம் விதி கம்பீரமாக நின்றது, நகராட்சி வண்டிகளும் அதனோடு நின்றன. தலைவிதான் இன்னும் வரவில்லையே.

ஏப்ரலில், வாசலில் பனி உருகிச் சொட்டத் தொடங்கியபோது, தலைவி தெல்லெர்வோ வெண்கலச் சிலை போலக் கறுத்துத் திரும்பி வந்தார். கையில் ஒரு கேடயம். மாகாண வாகன நலச் சங்கம் என்ற அமைப்பு வழங்கியது. விழாக் கூட்டத்தில் காபியும் ஹில்க்காவின் ஏலக்காய் பன்னும் பரிமாறப்பட்டன. டிரைவர்கள் வந்திருந்தார்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்திருந்தார்கள். தலைவி கேடயத்தை உயர்த்திப் பிடித்துப் படித்தார்: “‘ஒரு முழுக் குளிர்காலத்தில் ஒரேயொரு கியர்பாக்ஸ்கூடக் கெடாத முன்மாதிரி நகராட்சி!’”

“கெடறதுக்கு அது எங்கயாவது போயிருக்கணுமே, தலைவரம்மா,” என்றாள் பன் தட்டோடு நின்ற ஹில்க்கா.

கூட்டம் சிரித்தது. தலைவியும் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு, “இந்தப் பெருமை முழுக்க நம்ம அதிகாரி பெல்த்தரிக்குத்தான். வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று கேடயத்தை அவர் கையில் கொடுத்தார்.

அஸ்மோ முன்னால் வந்தார். ஊர்க் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் இல்லாததை அவர் அதுவரை பேசியதில்லை. கேடயத்தை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கோட்டுப் பையிலிருந்து அந்தச் சிவப்புக் கையுறையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

“ஆயிலுக்கு இருபது டிகிரி வேணும்னோம்,” என்றார். “அதுக்குக் கீழே ஒரு வண்டியையும் அசையவிடல. மைனஸ் முப்பத்தேழுல, இருட்டுல, பிள்ளைங்களை மட்டும் அசையவிட்டோம்.”